பாலத்தடி விடுதியில் ஒரு பகலுணவு

இலண்டன் மாநகருக்குச் சென்று மீளும் நம்மவர், அரண்மனையைப் பற்றியும் நூதனசாலையைப் பற்றியும் தேம்ஸ் நதியைப் பற்றியும் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அங்கே உணவருந்திய இடத்தைப் பற்றிச் சொல்வோர் மிகச் சிலரே. குளிரையும் உறைப்பில்லாத கறியையும் குறை கூறுவதோடு அப்பேச்சு முடிந்துவிடும். கடந்த கோடையில் நாமும் அந்நகருக்குச் சென்றிருந்தோம். கண்டவை பல. ஆயினும் ஊர் திரும்பிய பின் எம் நெஞ்சில் முந்தி நிற்பது, முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பழைய விடுதியில், மூன்று தலைமுறையினரும் ஒரு மேசையைச் சுற்றியிருந்து உண்ட ஒரு பகலுணவேயாகும். அதனையே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எம்முடன் வந்தோர், எழுபத்தெட்டு வயதான எம் தாயார், எம் துணைவி, பன்னிரண்டு வயதான எம் மகள் ஆகிய மூவர். வழிகாட்டியாக வந்தவன் எம் தமக்கையாரின் மகன். அவன் இருபது ஆண்டுகளாக அந்நகரில் வாழ்பவன். “மாமா, இன்றைக்கு உங்களைப் பழைய இலண்டனிலே சாப்பிட வைக்கிறேன்” என்று சொன்னானேயன்றி, இடம் எதுவென்று சொல்லவில்லை. அதன் காரணம் பின்னரே எமக்கு விளங்கிற்று.

நதியின் தென்கரையிலுள்ள ‘இலண்டன் பாலம்’ என்னும் புகையிரத நிலையத்தில் இறங்கினோம். அந்நிலையத்தின் அருகே, 2012 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட ‘ஷார்ட்’ என்னும் கண்ணாடிக் கட்டடம் 310 மீற்றர் உயர்ந்து வானை முட்டி நிற்கின்றது. அதனை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகச் சில நிமிடம் நடந்தோம். ‘பரோ’ என வழங்கும் பெருந்தெருவில் திரும்பி, கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஓர் ஒடுங்கிய வாயிலினூடே நுழைந்தோம். தெருவின் இரைச்சல் பின்னே நின்றுவிட்டது. கல் பரவிய ஒரு முற்றம் தெரிந்தது. முற்றத்தின் தென்புறத்தே, வெண்சுவரும் கருமரமுமாய், ஒன்றன்மேலொன்றாக மரத் தாழ்வாரங்கள் ஓடும் ஒரு நீண்ட கட்டடம் சற்றே சாய்ந்தாற்போல நின்றது. அதுவே ‘ஜோர்ஜ் விடுதி’.

முற்றத்து வாங்குகளிற் சிலர் குவளைகளோடு அமர்ந்திருந்தனர். அக்குவளைகளில் நுரைத்தது என்னவென்பதை எம் தாயார் ஒரே பார்வையில் அறிந்துகொண்டார். அடுத்த அடி வைக்காமல் வாயிலிலேயே நின்றுவிட்டார்.

“தம்பி, இது தவறணையல்லோ? இதற்குள்ளேயோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?”

“அம்மம்மா, இங்கே பிள்ளை குட்டிகளோடு எல்லாரும் வந்து சாப்பிடுவார்கள். குடிக்கத்தான் வேண்டுமென்று இல்லை” என்றான் மருமகன்.

“நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ. நான் இந்த வாசலிலே நிற்கிறேன். எனக்குப் பழக்கம்” என்றார் எம் தாயார்.

‘எனக்குப் பழக்கம்’ என்ற அச்சொல்லின் பொருள் அப்போது எமக்கு விளங்கவில்லை.

தவறணை என்னும் சொல்லை யாழ்ப்பாணத்தார் யாவரும் அறிவர். அது தமிழ்ச் சொல்லன்று. கடை அல்லது குடில் எனப் பொருள்படும் ‘தபேர்ணா’ என்னும் இலத்தீன் மொழிச் சொல், ஐரோப்பிய மொழிகளிற் பலவாறு உருமாறி, ஐரோப்பியரோடு எம் கரைக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதுவே ‘ரவேண்’. முற்காலத்து இங்கிலாந்தில் இத்தகைய வீடுகள் மூவகைப்பட்டன. பார்லி முதலியவற்றைப் புளிக்கவைத்த ‘ஏல்’ என்னும் பானம் விற்பது ஒன்று. திராட்சை மது விற்பது மற்றொன்று, அதுவே தவறணை. வழிப்போக்கர்க்கு ஊணும் உறையுளும், அவர்தம் குதிரைகளுக்குப் புல்லும் இலாயமும் கொடுப்பது மூன்றாவது. ஜோர்ஜ் விடுதி அம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. காலப்போக்கில் அம்மூன்றும் கலந்து, இந்நாளில் ‘பப்’ என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றன.

இதனை எம் தாயாருக்கு எடுத்துரைத்தோம். “குடிக்கிற வீட்டுக்கு எத்தனை பெயர் வைத்தால் என்ன?” என்று கேட்டார். ஆயினும் பேத்தி கையைப் பற்றி இழுக்கவே, முற்றத்தின் ஓரத்திலிருந்த ஒரு வாங்கில் மட்டும் அமர இசைந்தார். கட்டடத்துக்கு முதுகு காட்டியே அமர்ந்தார்.

உணவு கொண்டுவருவோர் எவரேனும் வந்து கேட்பரென்று நாம் நெடுநேரம் காத்திருந்தோம். எவரும் வரவில்லை. மருமகன் சிரித்துவிட்டு, “மாமா, இங்கே நாங்கள்தான் உள்ளே போய்ச் சொல்லவேண்டும்” என்றான். விடுதிக்குள் உள்ள நீண்ட மர மேடையண்டை சென்று, வேண்டியவற்றைச் சொல்லி, அங்கேயே பணத்தையும் கொடுத்து, மேசையின் இலக்கத்தைக் கூறிவிட்டு வருதல் இத்தகைய இடங்களின் வழக்கமாம். பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு மது விற்றல் அந்நாட்டிற் சட்டவிரோதம். பெரியோருடன் வந்து உணவருந்தும் சிறுவர்க்குத் தடையில்லை. எம் மகளின் வயதொத்த பிள்ளைகள் பலர் ஆங்காங்கே இருந்தனர்.

உணவு வருமுன் மருமகன் அவ்விடத்தின் வரலாற்றைச் சொல்லலானான். பல நூற்றாண்டுகளாக இலண்டன் நகரத்துக்குத் தெற்கேயிருந்து நுழைவதற்கு இலண்டன் பாலம் ஒன்றே வழி. வெஸ்ற்மின்ஸ்ரர் பாலம் திறக்கப்பட்டது 1750 ஆம் ஆண்டிலேதான். இலண்டன் பாலத்தின் வாயிற் கதவுகள் இரவில் அடைக்கப்படும். பிந்தி வந்தோர் கரையிலே தங்கவேண்டும். விடியமுன் தெற்கே புறப்படவேண்டியவரும் முதனாளே பாலத்தைக் கடந்து வந்து தங்கவேண்டும். ஆகவே பாலத்தடியிலுள்ள ‘சதக்’ என்னும் இப்பகுதியில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. ஜோர்ஜ் விடுதியின் பெயர் 16 ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகின்றது.

இதே தெருவில் ‘ரபாட்’ என்று ஒரு விடுதி இருந்தது. ஆங்கிலக் கவிதையின் தந்தையெனப் போற்றப்படும் சோசர், 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயற்றிய ‘கன்ரபரிக் கதைகள்’ என்னும் நூலில், யாத்திரிகர்கள் ஒன்றுகூடிப் புறப்படும் இடம் அதுவே. கன்ரபரி நகரிலுள்ள பெருங்கோவிலில் அடக்கஞ் செய்யப்பட்ட தோமஸ் பெக்கற் என்னும் அடியாரைத் தரிசிக்க அவர்கள் செல்கின்றனர். வழி நெடுகிலும் களைப்புத் தோன்றாதிருக்கக் கதை சொல்லிக்கொண்டு போகின்றனர்.

இதுகாறும் தெருவையே நோக்கியிருந்த எம் தாயார் இப்போது திரும்பினார். “கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்களைப் போலவோ?” என்று கேட்டார். ஆம், அப்படியேதான் என்றோம். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கரையோரமாக நடந்து செல்லும் அடியார் கூட்டத்தைச் சிறு பிராயத்தில் அவர் கண்டதுண்டு. தங்கள் ஊர் மடத்தில் அவர்கள் தங்கிய நாளில், தம் ஆச்சியோடு மோர்ப் பானை கொண்டுபோய்க் கொடுத்ததையும் எமக்குச் சொன்னதுண்டு. “அப்படியென்றால் இது முந்தி ஒரு மடமாய் இருந்திருக்கிறது” என்று தமக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அவ்வேளையில் மழை தூறத் தொடங்கியது. அந்நாட்டு மழைக்கு முன்னறிவித்தல் கிடையாது. வாங்கில் இருந்தோர் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினர். நாமும் எழுந்தோம். எம் தாயார் மட்டும் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு அசையாதிருந்தார். அப்போது மருமகன் ஒரு சாதுரியம் செய்தான். “அம்மம்மா, அந்த முதல் அறை குடிக்கிற அறையாய்க் கட்டினது இல்லை. குதிரை வண்டிக்குக் காத்திருந்த சனங்கள் இருந்த அறை. நாங்களும் மழை விடும்வரை காத்திருப்போம்” என்றான். அவன் கூறியது பொய்யன்று. கென்ற் முதலிய பகுதிகளுக்குச் செல்லும் வண்டிகள் இம்முற்றத்திலிருந்தே புறப்பட்டன. அவ்வறை உண்மையாகவே பயணிகள் காத்திருந்த இடம். எம் தாயார் சற்றே சிந்தித்தார். பின்னர் எழுந்து, வலது காலை முன்வைத்து, எழுபத்தெட்டு ஆண்டு வாழ்வில் முதன்முறையாக ஒரு தவறணைக்குள் புகுந்தார்.

உள்ளே முகடு தாழ்ந்திருந்தது. மருமகன் குனிந்தே நடந்தான். தரைப் பலகைகள் பல தலைமுறைக் கால்கள் பட்டுத் தேய்ந்து மேடுபள்ளமாய்க் கிடந்தன. சிறு சிறு கண்ணாடிகளாற் பொருத்திய சாளரங்களினூடே மழை வெளிச்சம் மங்கலாக வந்தது. சுவரில் வட்டமான பெரிய கடிகாரம் ஒன்று தொங்கியது. அதற்குப் ‘பாராளுமன்றக் கடிகாரம்’ என்று பெயராம். 1797 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் கடிகாரங்களுக்கு வரி விதித்தது. வீட்டிலே கடிகாரம் வைத்திருக்க அஞ்சிய மக்கள், விடுதிகளில் தொங்கிய பெரிய கடிகாரங்களைப் பார்த்து நேரம் அறிந்தனர் என்பர். அடுத்த ஆண்டே வரி நீக்கப்பட்டது. இத்தகைய கடிகாரங்கள் வரிக்கு முன்னரும் இருந்தன. ஆயினும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

“சேக்ஸ்பியரும் இங்கே வந்திருப்பாரோ?” என்று எம் மகள் வினவினாள். பள்ளி மாணவர் பலர்க்கும் எழக்கூடிய வினா இது. முற்காலத்தில் இத்தகைய விடுதி முற்றங்களிலே நாடகங்கள் ஆடப்பட்டன. நடுவே மேடை, கீழே நின்று பார்ப்போர், மேலே தாழ்வாரங்களிலிருந்து பார்ப்போர் என அமைந்த அவ்வொழுங்கே பின்னர் கட்டப்பட்ட நாடக அரங்குகளுக்கும் மாதிரியாயிற்று என்பர். 1599 இல் எழுந்த புகழ்பெற்ற ‘குளோப்’ அரங்கும் இங்கிருந்து தூரத்தில் இல்லை. ஆயின் சேக்ஸ்பியர் மறைந்தது 1616 ஆம் ஆண்டில். 1676 இல் மூண்ட பெருந்தீயில் சதக்கின் பெரும் பகுதி வெந்து சாம்பலாயிற்று. பழைய ஜோர்ஜும் ரபாட்டும் அத்தீயில் அழிந்தன. நாம் இருந்த கட்டடம் அதன்பின் எழுப்பப்பட்டது. ஆகவே அக்கவிஞர் இந்த முகட்டின் கீழ் இருந்திருத்தல் இயலாது. இருந்தவர் வேறொருவர். அவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ்.

இதற்குள் உணவு வந்தது. எமக்கும் மகளுக்கும் மாக்கலவையில் தோய்த்துப் பொன்னிறமாகப் பொரித்த மீனும், தடித்த உருளைக்கிழங்குப் பொரியலும், மசித்த பச்சைப் பட்டாணியும். மீனின் மேல் வினாகிரி தெளித்து உண்பது அங்கே வழக்கம். நம்மூர் விளைமீனின் சுவையில்லாவிடினும், மேலே மொறுமொறுப்பும் உள்ளே வெண்மையான மென்மையுமாய் அது நன்றாகவே இருந்தது. துணைவிக்கும் மருமகனுக்கும் மாவுறைக்குள் வைத்து வெதுப்பிய கோழியிறைச்சிப் ‘பை’. எம் தாயார் சைவ உணவினர். இறைச்சிச் சாறு கலவாததுதானா என மருமகன் இருமுறை கேட்டு உறுதி செய்த மரக்கறிச் சூப்பும், ஒரு துண்டுப் பாணும், பாற்றேநீரும் அவருக்கு வந்தன. ஒரு கரண்டி அருந்திவிட்டு, “கொஞ்சம் மிளகு போட்டால் குற்றமில்லை” என்றார். மிளகு மேசையிலேயே இருந்தது.

அடுத்த அறையைக் காட்டி மருமகன் டிக்கன்ஸின் கதையைத் தொடர்ந்தான். அது முன்னர் கோப்பி அருந்தும் அறையாயிருந்தது. டிக்கன்ஸ் அங்கே வந்து போனவர். ‘லிற்றில் டொரிற்’ என்னும் தம் நவீனத்தில் இவ்விடுதியைப் பெயர் சொல்லிக் குறித்தும் உள்ளார். ஆனால் இத்தெருவுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு இன்பமானதன்று. 1824 ஆம் ஆண்டில், ஒரு பாண் வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண் கடனுக்காக அவருடைய தந்தையார் இத்தெருவிலிருந்த மார்சல்சீ என்னும் கடன்காரர் சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய சார்ள்ஸ் பள்ளியை விட்டு, சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையில் மைச் சாடிகளுக்குப் பெயர்த்தாள் ஒட்டும் வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்குச் சென்று தந்தையைக் கண்டு மீண்டான். அச்சிறையின் மதிற்சுவர் ஒன்று இன்றும் அருகிலே நிற்கின்றது.

எம் மகளும் பன்னிரண்டு வயதினள். பொரியலைக் கையில் வைத்துக்கொண்டே திகைத்திருந்தாள். அப்போது எம் தாயார், எவரையும் பாராமல், கோப்பையைச் சுற்றிக் கைகளை வைத்துக்கொண்டு பேசலானார்.

தமக்குப் பத்து வயதாயிருக்கையில், மாலைதோறும் தம் தாயார் தம்மை ஊர்த் தவறணைக்கு அனுப்புவாராம். குடிப்பதற்கன்று, தந்தையாரை அழைத்து வருவதற்கு. கிடுகு வேலியின் படலைக்கு வெளியே நிற்கவேண்டும். பெண்பிள்ளை உள்ளே போகலாகாது. உள்ளேயிருந்து சிரிப்பொலி கேட்கும். தந்தையாரின் சிரிப்பும் அதில் கேட்கும். வீட்டில் அவர் அவ்வாறு சிரிப்பதில்லை. இருட்டும்வரை நின்று அழைத்து வந்த நாள்களும் உண்டு, தனியே திரும்பி வந்த நாள்களும் உண்டு. கடன் பெருகிற்று. பனங்காணி கைமாறிற்று. அடுத்த ஆண்டு பள்ளிப் படிப்பும் நின்றது. “வாசலிலே நிற்கிறது எனக்குப் பழக்கம்” என்று மீண்டும் ஒருமுறை சொன்னார்.

எம் பாட்டனாரை நாம் கண்டதில்லை. சுவரிலுள்ள நிழற்படத்தில் மட்டும், தலைப்பாகையும் சால்வையுமாய்க் கண்டிருக்கின்றோம். ஐம்பது ஆண்டுகளாக எமக்குச் சொல்லாத செய்தியை, ஏழு கடலுக்கு அப்பாலுள்ள ஒரு தவறணையில் வைத்து எம் தாயார் சொன்னார். எவரும் பேசவில்லை. பேத்தி மட்டும் தன் வாங்கை நகர்த்தி அவர் பக்கத்திலே போய் ஒட்டிக்கொண்டாள்.

மழை விட்டதும் வெளியே வந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்தோம். மேல்மாடியில் முன்னாளிற் படுக்கையறைகளாயிருந்தவை பின்னர் உணவு அறைகளாயின. முற்றத்தின் ஒருபுறம் மட்டுமே பழைய கட்டடம் நிற்பதன் காரணத்தையும் கேட்டறிந்தோம். தீயினால் அழிந்து எழுந்த இவ்விடுதியைப் பின்னர் அழிக்க வந்தது புகையிரதம். 1836 இல் இலண்டன் பால நிலையம் திறக்கப்பட்டது. குதிரை வண்டிகள் மறைந்தன, விடுதிகளும் பிழைப்பிழந்தன. இவ்விடத்தைத் தன் பொருட்களுக்குரிய நிலையமாகக் கொண்ட புகையிரதக் கம்பனி, பண்டசாலை கட்டுவதற்காக விடுதியின் மற்றைப் பக்கங்களை இடித்துத் தள்ளியது. தீக்குப் பின் மீண்டும் எழுந்த ரபாட்டும் அந்நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. அது நின்ற இடத்தில் 2003 இல் வைத்த ஒரு பெயர்ப்பலகையே இன்றுள்ளது. ஜோர்ஜின் எஞ்சிய ஒரு பக்கம் 1937 ஆம் ஆண்டில் ‘நஷனல் றஸ்ற்’ என்னும் மரபுக் காப்பு நிறுவனத்தின் உடைமையாயிற்று. மரத் தாழ்வாரங்களுடன் கூடிய பழைய வண்டி விடுதிகளில் இலண்டனில் மிஞ்சியிருப்பது இது ஒன்றே.

இங்கே எம் கருத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. அந்நிறுவனத்தார் இதனைப் பூட்டி வைத்துக் காசு வாங்கிக் காட்டும் காட்சிச்சாலை ஆக்கவில்லை. விடுதியாகவே நடத்தக் குத்தகைக்குக் கொடுத்துள்ளனர். வருவோர் உண்கின்றனர், அவர்தம் பணத்தால் விடுதி வாழ்கின்றது. ஆள் புழங்காத வீட்டைக் கறையான் விடாது என்பதை நாம் அறிவோம். நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. கொழும்புக் கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை செப்பனிடப்பட்டு, 2011 ஆம் ஆண்டில் உணவுச்சாலைகளும் கடைகளும் உள்ள இடமாகத் திறக்கப்பட்டது. வடக்கே பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றும் நின்று, தன் கீழே தெருவைப் போகவிடுகின்றது. ஆனால் சந்திதோறும் இருந்த சிறு மடங்கள் எத்தனை! நடந்து செல்வோர் குறைந்தனர், திண்ணையில் இருப்போர் இல்லை, ஓடு சரிந்தது, ஆலங்கன்று முளைத்தது. அவற்றை எவரும் இடிக்கவில்லை. எவரும் இருக்கவில்லை, அவ்வளவே.

வாயிலைக் கடக்கையில் எம் தாயார் ஒருமுறை திரும்பி நின்று அம்மரத் தாழ்வாரங்களைப் பார்த்தார். மழைக்கு ஒதுங்கியிருந்த குடும்பங்கள் மீண்டும் முற்றத்து வாங்குகளுக்கு வந்துகொண்டிருந்தன. ஒரு தகப்பனார் தம் சிறு மகளைத் தோளிலே தூக்கி வந்தார்.

“ஐயாவும் ஒருநாள் என்னை உள்ளே கூப்பிட்டு, பக்கத்திலே இருத்தி, ஒரு வாய் சாப்பிடத் தந்திருந்தால்…” என்று தொடங்கியவர், முடிக்கவில்லை. மதுவைப் பற்றிய அவர் கருத்து அணுவளவும் மாறவில்லை. மாறவேண்டுமென்று நாமும் விரும்பவில்லை. ஆயின் அன்று மாலை, நிழற்படத்திலிருக்கும் அம்மனிதரைப் பற்றி, அவர் பாடும் காத்தவராயன் கூத்துப் பாட்டைப் பற்றி, கோபமின்றிப் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். அதுவும் நாம் முன்னர் கேட்டறியாதது.

ஊர் திரும்பிய மறுவாரம் எம்மை அழைத்து, சந்தியிலுள்ள பழைய மடத்தடிக்குக் கூட்டிச் சென்றார். ஆச்சியோடு மோர்ப் பானை கொண்டுபோன அதே மடம். கூரையில் பாதி இல்லை. திண்ணைக் கல் மட்டும் இன்னும் வழுவழுப்பாக இருந்தது. அதனைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு அமர்ந்தார்.

“இந்தக் கூரையைப் போட என்ன செலவாகும் என்று ஒருக்கால் கேட்டுப் பார் தம்பி. சந்நிதியிலிருந்து நடக்கிற சனம் இன்னும் இருக்குதுதானே.”

வருகின்ற வெள்ளிக்கிழமை மேசனாரை வரச் சொல்லியிருக்கின்றோம்.